செராமிக் பிளாங்கெட் உலை: இரண்டாம் முறை சுற்றியதில் மாற்றியவை

பித்தளை போன்ற உலோகத்தை உருக்கும் சிறு உலை இது. உடம்பு 20 லிட்டர் தகர வாளி, உள்விட்டம் 290 மிமீ. உள்ளே 25 மிமீ பிளாங்கெட் (வெப்பம் தாங்கும் செராமிக் இழைப் போர்வை) இரண்டு சுற்று. 1260 டிகிரி ரகம், கனமீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. 300 மிமீ உயரத்துக்கு இரண்டு சுற்றும் சேர்ந்தே ஒன்றரைக் கிலோதான். அதே இடத்தை ஃபயர் பிரிக்கால் அடைத்தால் இருபது கிலோவைத் தாண்டும்; அந்தக் கனமெல்லாம் சூடேறிய பிறகுதான் மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்) சூடு பிடிக்கும்.

முதல் தடவை உள்சுற்றைக் கணக்காக 755 மிமீ வெட்டியது தப்பு. இரண்டு சுற்றின் இணைப்பையும் ஒரே கோட்டில் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. சில சூட்டிலேயே இணைப்பு பிளந்து விரல் நுழையும் சந்து விழுந்தது. வெளியே தகரத்தில் அதே கோட்டில் பெயிண்ட் கருகிய பட்டை. 1260 என்ற முத்திரைக்கு, அந்த வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தால் சுருக்கம் 4 சதவீதத்தைத் தாண்டாது என்றுதான் பொருள். 755-ல் 3 சதவீதமே 22 மிமீ. தொடர்ந்து ஓட்டுவதற்கு 1100 சொச்சம்தான் எல்லை.

பழையதைப் பிய்க்கும்போதுதான் அதிக கவனம் தேவை. 1000 டிகிரிக்கு மேல் வெந்த இழையில் கிரிஸ்டோபலைட் என்ற சிலிகாப் படிகம் உருவாகத் தொடங்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, பி100 மாஸ்க் (நுண்தூசியை வடிகட்டும் ரகம்) போட்டு, ஈரமாகவே பையில் கட்டுங்கள். துடைப்பமும் புளோயரும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

இம்முறை வெளிச்சுற்று 935, உள்சுற்று 785 மிமீ. கூடுதலாக விட்ட நீளத்தை அமுக்கித்தான் உள்ளே திணிக்க வேண்டும். இணைப்புகள் எதிரெதிர்ப் பக்கம், இரண்டுமே பர்னர் துளைக்கு விலகி. துளைக்கு, மெல்லிய பைப் துண்டின் விளிம்பைக் கூராக்கித் திருகித் திருகி இறக்கினால் இழை பிசிறாமல் வட்டமாக வரும்.

அடுத்தது கெட்டிப்படுத்துவது. கொலாய்டல் சிலிகாவை (நுண்ணிய சிலிகாத் துகள் மிதக்கும் நீர்) ஸ்பிரே பாட்டிலில் அடிக்க வேண்டும். இரண்டு சொட்டு சாப்பாட்டுக் கலர் கலந்தால் எவ்வளவு ஊறியது என்று கண்ணுக்குத் தெரியும். 10 மிமீ ஆழம் போதும், முழுக்க நனைத்தால் இன்சுலேஷன் குறையும். அவசரப்பட்டு பர்னரால் காயவைத்தால் நீரோடு சிலிகாவும் மேலே ஏறி, முகம் அப்பளம்போலக் கெட்டியாகி உரிந்து வரும். ஒரு நாள் நிழல், பிறகு உள்ளே 100 வாட் குண்டு பல்பு, கடைசியில் சிறு தீ.

அதன்மேல் சிர்க்கான் மாவு (வெப்பம் தாங்கும் கனிமப் பொடி) 95 பங்கு, பென்டோனைட் (பிசினான களிமண்) 5 பங்கு, தயிர்ப் பதத்தில் 2 மிமீ பூச்சு. பென்டோனைட்டைக் கூட்டினால் பூச எளிது, காயும்போது வெடிக்கும். விழுந்த மயிர்க்கோடுகளை நீர்த்த கலவையால் நிரப்பினால் சரியாகிவிடும்.

அடியில் மட்டும் பிளாங்கெட்டை நம்பக் கூடாது. பித்தளைக்குப் போடும் வெண்காரம் சிந்தினால் சர்க்கரைமேல் விட்ட வெந்நீர்போல இழையைக் கரைத்துக் குழியாக்கும். ஆகவே அடியில் பிளாங்கெட்டுக்கு மேல் 25 மிமீ ஹை அலுமினா காஸ்டபிள் (வார்த்து இறுக வைக்கும் வெப்பம் தாங்கும் கான்கிரீட்), நடுவில் வடிதுளை.

மூடி இன்னும் பாக்கி. தட்டையாக வைத்து ஒட்டியது தொங்கிவிட்டதால், 50 மிமீ பட்டைகளாக வெட்டி விளிம்பு கீழ்நோக்க நெருக்கி அடுக்கி, காந்தல் (Kanthal) என்ற சூடு தாங்கும் கம்பியால் குறுக்கே கோத்துப் பார்க்க வேண்டும்.