தபால் பெட்டில நாலு பேரு

பெர்லின் வர்றதுக்கு முன்னாடி எங்க பயமெல்லாம் குளிரப் பத்தியும் பாஷையப் பத்தியும்தான். ரெண்டும் பெருசா படுத்தல. முழுசா நாலு மாசம் எங்கள அலையவிட்டது எங்க பேரு. ஜோடியா ஜெர்மனி கிளம்புற நம்மாளுங்க யாருக்காவது யூஸ் ஆகட்டும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

வேலை என் பொண்டாட்டி மலருக்கு. நான் டிபென்டென்ட் விசால கூட வந்தவன். அக்டோபர்ல வந்தோம், ஆன்லைன்ல பாத்து ஒரு மாசத்துக்குன்னு ஃபர்னிச்சரோட ஒரு வீடு புக் பண்ணிருந்தோம், போட்டோல இருந்த மாதிரியே இருந்துச்சு, சந்தோஷமா பெட்டிய இறக்கிட்டு ஓனருக்கு மெசேஜ் போட்டா "இங்க ஆன்மெல்டுங் பண்ண முடியாது"ன்னு ரிப்ளை வருது. ஆன்மெல்டுங்னா வேற ஒண்ணுமில்ல, நான் இன்ன வீட்டுல குடியிருக்கேன்னு ஊர் ஆபீஸ்ல போயி பதியறது. குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும்ங்கறது சட்டம். அதுக்கு வீடு கொடுத்தவங்க ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுத் தரணும், வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்னு பேரு, ரயில் பெட்டி மாதிரி கோத்து கோத்து வரும். வெறும் வாடகை அக்ரிமென்ட்ட காட்டினா ஒத்துக்க மாட்டாங்க, 2015 நவம்பர்லேந்து இந்த பேப்பர் கட்டாயம். அதனால வீடு புக் பண்றப்போ வாடகைக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஆன்மெல்டுங் உண்டா இல்லையாங்கறதுதான். நாங்க கேக்கல.

இந்த ஒரு பதிவு இல்லன்னா ஒண்ணுக்கொண்ணு மாட்டிக்கிட்டு நிக்கும். பதிவு பண்ணாத்தான் டாக்ஸ் ஐடி வரும், ஐடி இல்லன்னா கம்பெனி சம்பளத்துல டாக்ஸ் கிளாஸ் 6ல பிடிக்கலாம், அதுதான் இருக்கறதுலயே அதிகமா பிடிக்கற கிளாஸ். நிறைய பேங்க்ல அக்கவுன்ட்டுக்கும் இந்த பேப்பரத்தான் கேப்பாங்க. நிரந்தரமா ஒரு வீடு பாக்கலாம்னா மூணு மாச சம்பள ஸ்லிப் கேப்பாங்க, வந்து மூணு வாரம் ஆனவன் மூணு மாச ஸ்லிப்புக்கு எங்க போறது.

ஒருவழியா சப்லெட்ல ஒரு வீடு கிடைச்சது. ஒரு ஜெர்மன் பையன் வேலைக்காக ஒரு வருஷம் வேற ஊருக்குப் போறான், அவன் வீட்ட எங்களுக்கு விடறான், ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டான், பேப்பர்ல கையெழுத்தும் போட்டுத் தர்றேன்னுட்டான். நல்ல பையன், பின்னாடி நடந்ததுல அவன் மேல ஒரு தப்பும் இல்ல.

அடுத்தது பூர்கரம்ட்ல, அதான் பதியற அந்த ஊர் ஆபீஸ்ல, டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட். ஆன்லைன்ல பாத்தா ரெண்டு மாசத்துக்கு காலண்டர் முழுக்க சிவப்பா இருந்துச்சு. இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. நம்ம ஏரியா ஆபீஸுக்குத்தான் போகணும்னு இல்ல, பெர்லின்ல 12 டிஸ்ட்ரிக்ட், எதுல டெர்மின் கிடைச்சாலும் போலாம். இன்னொண்ணு, யாராவது கேன்சல் பண்ணா அந்த ஸ்லாட் திடீர்னு தெரியும். எனக்கு வீட்டுல வேற வேலை கிடையாது, காலைல எட்டு மணிலேந்து காப்பி டம்ளரோட உக்காந்து ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருப்பேன், நாலாவது நாள் நகரத்தோட இன்னொரு கோடில ஒண்ணு மாட்டுச்சு.

அங்க உள்ள போனா வேலை பத்தே நிமிஷம், காசும் கிடையாது. ஃபார்ம்ல மதம் கேப்பாங்க, அது சர்ச் வரிக்காக. பெர்லின்ல வருமான வரி எவ்ளோ வருதோ அதுல 9 சதவீதம் தனியா பிடிப்பாங்க, வரி வாங்கற சர்ச்ல உறுப்பினரா இல்லாதவங்களுக்குக் கிடையாது. இதெல்லாம் சரியா போயிட்டு இருந்தப்பதான் கவுன்டர்ல இருந்த அம்மா மலரோட பாஸ்போர்ட்ட திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

விஷயம் இதுதான். என் பாஸ்போர்ட்ல சர்நேம்னு எங்கப்பா பேரு, சுந்தரமூர்த்தி. மலரோடதுல சர்நேம் கட்டம் காலி, பேரு மட்டும் மலர்விழின்னு இருக்கும். நம்மூர்ல இனிஷியலோட ஓடிடுது. அந்தம்மா கம்ப்யூட்டர் குடும்பப் பேரு இல்லாம அடுத்த கட்டத்துக்கு நகரவே மாட்டேங்குது. கடைசில குடும்பப் பேரு இருக்கற இடத்துல மலர்விழின்னு போட்டு, சொந்தப் பேரு இருக்கற இடத்துல ஒரு சின்ன கோடு போட்டுட்டாங்க. மலர் அந்த கோட்ட பாத்துட்டு "ஏன்ப்பா, அப்ப நான் வெறும் கோடா"ன்னா. ரெண்டு பேரும் வெளிய வந்து ரொம்ப நேரம் சிரிச்சோம். அந்த கோடு என்ன பண்ணப் போகுதுன்னு அப்ப தெரியல.

மூணு வாரத்துல என் டாக்ஸ் ஐடி தபால்ல வந்துருச்சு, 11 இலக்க நம்பர். சம்பாதிக்காதவனுக்கு ஐடி வந்தாச்சு, சம்பாதிக்கறவளுக்கு வரல. அவளுக்கு பேங்க் கார்டு வரல, கார்டுக்கு தனி கவர்ல வர்ற பின் நம்பரும் வரல. ஆனா டிவி ரேடியோ கட்டணம் கட்டுங்கன்னு என் பேருக்கு மட்டும் டாண்ணு லெட்டர் வந்துச்சு, மாசம் 18.36 யூரோ, வீட்டுல டிவி இருக்கோ இல்லையோ கட்டணும். (வீட்டுக்கு ஒருத்தர் கட்டினா போதும். அப்புறம் இன்னொருத்தருக்கும் லெட்டர் வந்தா முதல் ஆளோட கட்டண நம்பர எழுதி அனுப்பிடுங்க, ரெண்டு தடவ கட்டிடாதீங்க.)

முதல் மாச சம்பளம் கிளாஸ் 6ல வந்துச்சு. ஸ்லிப்ப பாத்துட்டு மலர் ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தா எனக்கு பயம். அந்த நாட்கள பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா விசா ஃபார்மப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. காலைல அவ ஆபீஸ் போயிட்டா எனக்கு நாள்ல நடக்கற ஒரே சம்பவம் தபால்தான். பதினொரு மணி வாக்குல கீழ கேட் சத்தம் கேக்கும், மூணு மாடி இறங்கி ஓடுவேன், பெட்டியத் தொறப்பேன், பீட்சா நோட்டீஸ் இருக்கும். சாயங்காலம் அவ உள்ள நுழைஞ்சதும் முதல் கேள்வி "வந்துச்சா", நான் இல்லன்னதும் என்னமோ நான்தான் லெட்டர முழுங்கிட்ட மாதிரி ஒரு பார்வை. நம்மூரா இருந்தா கோவத்த அம்மாகிட்ட கொட்டலாம், ஃப்ரெண்டு வீட்டுக்குப் போலாம். இங்க சண்டை போடவும் ஒரே ஆளு, சமாதானம் ஆகவும் அதே ஆளு, அதுவும் ஒரே ரூம்ல. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிருக்கும், கோச்சுக்கிட்டு கடைத்தெருவுக்குக்கூட போக முடியாது. நான் காலி பாட்டில் பையத் தூக்கிட்டு பார்க்க சுத்தி வருவேன், மறுநாள் சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். அந்த மாசம் என் சம்பாத்தியம் அதுதான்.

மர்மத்த உடைச்சது தரைத்தள வீட்டுப் பாட்டி. எங்க பார்சல் ஒண்ணு அவங்ககிட்ட இருக்குன்னு சீட்டு வந்துச்சு, வாங்கப் போனேன். பார்சலக் குடுத்துட்டு, விரல ஆட்டி, மெதுவா எனக்குப் புரியற மாதிரி ஜெர்மன்ல கேட்டாங்க, "மலர்விழி யாரு? தபால்காரர் ரெண்டு தடவ என்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

கையப் பிடிச்சு இழுக்காத குறையா பெட்டிங்க கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அப்பதான் ஒழுங்கா பாத்தேன். இங்க பெரும்பாலான வீடுங்களுக்கு டோர் நம்பரே கிடையாது. தெரு, கட்டட நம்பர், ஆளோட பேரு, அவ்ளோதான் அட்ரஸ். எங்க கட்டடத்துல 22 பெட்டி, எல்லாத்துலயும் குடும்பப் பேரு மட்டும். எங்க பெட்டில அந்தப் பையன் பேரு, அதுக்குக் கீழ அவன் கிளம்பறதுக்கு முன்னாடி நல்லெண்ணத்துல டேப் போட்டு ஒட்டிட்டுப் போன சுந்தரமூர்த்தி. புருஷன் பேரு இருந்தா பொண்டாட்டிக்கும் அதே பேருதான்னு அவன் நெனச்சுட்டான், இந்த ஊரு வழக்கப்படி அது சரிதான். எங்களுக்கும் தோணவே இல்ல. ஜெர்மனி பக்கமே வராத எங்கப்பாவுக்கு பெட்டில இடம் இருக்கு, மாசாமாசம் வாடகை கட்டற மலருக்கு இல்ல. அவளுக்கு வந்த லெட்டரெல்லாம் இப்படி ஒருத்தர் இங்க இல்லன்னு திரும்பிப் போயிருக்கு.

அன்னைக்கே ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஒட்டினேன். மூணாம் நாள் கட்டட நிர்வாகத்துலேந்து மெயில், கையால எழுதின சீட்டெல்லாம் ஒட்டக்கூடாது, எல்லா பெட்டிலயும் ஒரே மாதிரி அச்சடிச்ச பட்டிதான் இருக்கணுமாம், எந்தப் பேரு வேணும்னு எழுதி அனுப்புங்க, செஞ்சு தர்றோம்னு. பட்டி வர மூணு வாரம். அதுவரைக்கும் பாட்டி ஐடியா குடுத்தாங்க, பெட்டிக்கு உள்பக்கமா கண்ணாடில ஒட்டு, வெளிலேந்து படிக்கலாம், கேட்டா உள்ள இருக்கற பேப்பர்னு சொல்லிக்கலாம்னு. ரூல் பேசற ஊர்ல ரூல எங்க வளைக்கணும்னு தெரிஞ்சவங்க பாட்டிங்கதான்.

டாக்ஸ் ஐடிய ஆன்லைன்ல மறுபடியும் கேட்டோம். போன்லயோ மெயில்லயோ சொல்ல மாட்டாங்க, திரும்பவும் அதே தபால்லதான் வரும், திரும்பவும் வாரக்கணக்குல காத்திருக்கணும். பேங்க்ல மட்டும் அட்ரஸ்ல கேர் ஆஃப்னு அந்தப் பையன் பேரப் போட்டுக் குடுத்தோம், கார்டு அடுத்த வாரமே வந்துருச்சு. சப்லெட்ல போறவங்க இந்த ட்ரிக்க முதல் நாளே பண்ணிடுங்க.

இதுக்கு நடுவுல இன்சூரன்ஸ் கூத்து தனி. அரசு சார்ந்த ஹெல்த் இன்சூரன்ஸ்ல ஒருத்தர் வேலை பாத்தா, வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ கூடுதல் காசு இல்லாம சேந்துக்கலாம், உருப்படியான விஷயம். மேரேஜ் சர்டிஃபிகேட்ட ஜெர்மன்ல மொழிபெயர்த்து அனுப்பினோம். போன்ல கேட்டாங்க, "கல்யாணத்துக்கு அப்புறம் உங்க பொதுவான குடும்பப் பேரு என்ன?" இல்லன்னேன். "சரி, உங்க குடும்பப் பேரு?" அது எங்கப்பா பேருன்னேன். "உங்கப்பா குடும்பப் பேரு?" அது எங்க தாத்தா பேரு. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அந்தாளு ரொம்ப மரியாதையா, "இத எப்படி நீங்களே ஞாபகம் வெச்சுக்கறீங்க?"

மலரோட ஐடி வந்தப்போ பிப்ரவரி ஆயிடுச்சு. நான்தான் பெட்டியத் தொறந்தேன், ஆனா பிரிக்கல, சாயங்காலம் அவளே பிரிக்கட்டும்னு மேசைல வெச்சுட்டேன். அவ கோட்டகூட கழட்டாம நின்னுக்கிட்டே நம்பர போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பிட்டு, அப்புறமா உக்காந்தா. அதிகமா பிடிச்ச பணம் அடுத்த சம்பளத்துல சரியாயிடுச்சு.

இப்ப சொந்தமா கான்ட்ராக்ட் போட்டு வேற வீட்டுக்கு வந்துட்டோம். கிச்சன்ல சிங்க்கூட இல்லாம காலியா குடுத்தாங்க, இங்க அது சகஜமாம், அதப் பத்தி நாங்க ரெண்டாவதாத்தான் கேட்டோம். முதல்ல நிர்வாகத்துக்கு நாலு பேர எழுதி அனுப்பினேன், என் பேரு, எங்கப்பா பேரு, மலர் பேரு, மலரோட அப்பா பேரு. எதுக்கு வம்பு. பட்டில இடம் பத்தாம ரெண்டு வரியா சின்ன எழுத்துல அடிச்சு, பெட்டிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டிட்டுப் போனாங்க. நாலு பேரு குடியிருக்கற பெரிய குடும்பம்னு எதிர் வீட்டுக்காரங்க நெனச்சிருக்காங்க.

அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். ரொம்ப நேரம் ப்ளூ டிக் மட்டும் இருந்துச்சு. அப்புறம் போனே பண்ணிட்டாரு. "என் பேர எதுக்குடா அங்க ஒட்டிருக்க? வாடகை ஏதும் பாக்கி வெச்சிருக்கியா?"