பனீ முருகேசனோவா

நான் ப்ராக் நகரத்தில் வந்து இறங்கியது 2016 ஜனவரியில். விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் பனி. மறுநாளிலிருந்து நானும் பனி. செக் மொழியில் திருமதிக்குப் ‘பனீ’ என்றுதான் சொல்வார்கள். அதோடு, பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் ‘ஓவா’ என்று ஒரு வாலைச் சேர்ப்பதும் இந்த ஊர் வழக்கம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆக, சிவகாசியில் நாற்பது வருஷம் ஆப்செட் மிஷின் ஓட்டிய முருகேசனின் மகள், இங்கே பனீ முருகேசனோவா ஆனாள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அம்மா அனுப்பிய முதல் பார்சலுக்கு வந்த சீட்டில் முருகேசனோவா என்று எழுதியிருந்தது. பாஸ்போர்ட்டில் முருகேசன். கவுண்டரில் இருந்த பெண்மணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இது ஆண் பெயர், நீங்களோ பெண் என்றார். எந்த அலுவலகம் என்பதை விடுங்கள். நாலு தடவை நடந்தேன். கடைசியில் கைக்கு வந்தபோது பருப்புப் பொடிப் பொட்டலம் கிழிந்து, மகளுக்காக அம்மா தைத்து அனுப்பிய பாவாடை முழுக்கப் பெருங்காய வாசனை. அதை அப்படியே முகர்ந்துகொண்டு டிராமில் வந்தேன்.

அந்த செப்டம்பரில் மகளை ஷ்கோல்காவில் சேர்த்தோம். நம் ஊர் பாலர் பள்ளிதான். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. இங்கும் பெயர்ப் பிரச்சினை வரும் என்று சான்றிதழ்களை எல்லாம் கட்டாகக் கட்டி எடுத்துப் போனேன். உள்ளே போய்ப் பார்த்தால் எந்த இடத்திலும் பெயரே இல்லை. சட்டை மாட்டும் அலமாரி, துண்டுக்கான கொக்கி, பல் துலக்கும் கோப்பை, எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு படம். ஒருவனுக்குக் காளான், ஒருத்திக்குக் குடை, இன்னொருவனுக்கு ரயில் இன்ஜின். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெயரை எழுதி ஒட்டி என்ன பிரயோசனம்? அந்தப் படத்துக்கு ஸ்னாச்கா என்று பெயர். பெரியவர்கள்கூட, ‘என் ஸ்னாச்கா செர்ரிப் பழம்’ என்று ஜாதக ராசியைச் சொல்வதுபோலச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் மகள் கேட்டது க்ர்தெக். அது ஏற்கெனவே வேறொரு பையனுக்குப் போய்விட்டது. அதுதான் எப்போதும் முதலில் போகும் என்று டீச்சர் பாதி சைகையில் சொன்னார். இவளுக்குக் கிடைத்தது முள்ளெலி. பரவாயில்லை, எங்கள் தென் மாவட்டங்களிலும் முள்ளெலி உண்டு என்று நான்தான் தேற்றிக்கொண்டேன். அவள் இரண்டு நாள் அழுதாள்.

க்ர்தெக் என்றால் மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலி. இங்கே அது ஒரு கார்ட்டூன் நாயகன். கறுத்த உருண்டை உடம்பு, சிவப்பு மூக்கு, உச்சியில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய முடி. அந்தச் சொல்லைப் பாருங்கள், மூன்று மெய் வரிசையில் நின்ற பிறகுதான் ஓர் உயிரெழுத்து எட்டிப் பார்க்கிறது. தமிழ் வகுப்பில் மெய்ம்மயக்கம் என்று படித்தபோது வராத மயக்கம் இங்கே வந்தது. சிவகாசிப் பக்கம் இந்தப் பிராணி கிடையாது. வீடியோ காலில் காட்டினால் அம்மா, “பிள்ளையார் வாகனமா?” என்று கேட்டாள். மூஞ்சூறு வேறும்மா என்று ரெண்டு தடவை விளக்கிப் பார்த்தேன். அப்புறம் எங்கள் வீட்டிலும் அது மூஞ்சூறு ஆகிவிட்டது.

நாங்கள் குடியிருப்பது பனெலாக். கம்யூனிஸ்ட் காலத்தில் கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டிய அடுக்குமாடி. எதிர் வீட்டில் ஒரு பாட்டி. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பாட்டி கதவைத் தட்டி, மகளை மட்டும் அழைத்துப் போவார். கால்மணி நேரம் கழித்துத் திருப்பி அனுப்புவார். என்ன நடக்கிறது என்று ஒருநாள் நானும் கூடப் போனேன். ஏழு மணிக்குக் கால்மணி முன்னால் டிவியில் வெச்செர்னீச்செக். 1965-லிருந்து வரும் படுக்கை நேரக் கார்ட்டூன். முதலில் காகிதத் தொப்பி போட்ட ஒரு பையன் வந்து வணக்கம் சொல்வான், கடைசியில் வந்து குட்நைட் சொல்வான். அந்தத் தொப்பி நாங்கள் தினத்தந்தியில் மடித்த அதே தொப்பி. பாட்டி தன் பிள்ளைகளோடு பார்த்ததும் இவனைத்தான், பேரப் பிள்ளைகளோடு பார்த்ததும் இவனைத்தானாம்.

க்ர்தெக்கை வரைந்தவர் ஸ்தெனெக் மிலெர். 1945-இல் யிர்ஷி த்ர்ன்கா தலைமையில் தொடங்கிய ‘பிராட்ரஷி ஃப் த்ரிக்கு’ என்ற ஸ்டுடியோவின் ஆள். பனியன் போட்ட சகோதரர்கள் என்று பொருள். பனியனுக்கும் தந்திரக் காட்சிக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்பதால் வந்த சிலேடை. துணி எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு படம் வேண்டும் என்று மிலெரிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பிராணியை வைத்துச் சொல்வது என்று யோசித்தபடி நடந்தவர், அகழெலி தள்ளிய மண்மேட்டில் தடுக்கினாராம். 1957-இல் வந்தது முதல் படம். வெனிஸ் விழாவில் பரிசும் வாங்கியது.

கதை இவ்வளவுதான்: க்ர்தெக்குக்குப் பை வைத்த கால்சட்டை வேண்டும். ஆளிச் செடியை வளர்த்து, நாரெடுத்து, முள்ளெலி தன் முள்ளால் அதைச் சீவிக் கொடுக்க, சிலந்தி நூற்க, எறும்புகள் நெய்ய, நண்டு போன்ற ஒன்று வெட்ட, ஒரு சிறு பறவை தைத்துத் தருகிறது. அம்மா பிறந்த ஊர் அருப்புக்கோட்டை. தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். அவளுக்கு இதைப் போட்டுக் காட்டியபோது முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்தாள். முடிந்ததும், “பாவு ஓட்டுறதைக் காட்டலியே” என்றாள். மகளோ முள்ளெலி வந்த இடத்தை மட்டும் ஒன்பது தடவை பார்த்தாள். அதன் பிறகு ஸ்னாச்கா பற்றி அழுகை இல்லை.

முதல் படத்தில் பேச்சு உண்டு. பிறகு வந்தவற்றில் மிலெர் பேச்சை எடுத்துவிட்டார். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் புரியட்டும் என்றுதான். ஒரு சிரிப்பு, ஒரு விம்மல், ஹலோ சொல்ல ஓர் ‘அஹோய்’, அவ்வளவுதான். அதற்கும் தன் மகள்களின் குரலையே எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது தெரிந்த செக் மொழியும் ஏறக்குறைய அதே அளவுதான். டீச்சர் பேசினால் வேர்க்கும். க்ர்தெக் முன்னால் மட்டும் நானும் பாட்டியும் மகளும் ஒரே இடத்தில் சிரித்தோம்.

இது எனக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்குக் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. அதில் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. அதனால்தான் டாம் அண்ட் ஜெர்ரி. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940-லிருந்து 1958 வரை 114 படம் செய்து, ஏழு ஆஸ்கர் வாங்கியது எல்லாம் பின்னால் தெரிந்த கதை. எங்களுக்கு டாம், அப்பா கொண்டுவரும் நோட்டு லேபிளில் இருந்த பூனை. நாலு கலரும் சரியாக உட்காராத வேஸ்ட் தாளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதனால் எங்கள் டாமுக்கு மீசை ஒரு நூல் தள்ளியே இருக்கும். டிவியில் பார்த்தபோது, மீசை சரியான இடத்தில் இருந்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அந்தப் படங்களில் சில மட்டும் எனக்குப் பிடிக்காது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். உடைந்த மாதிரி அசைவு. டாமை வெறிகொண்டு அடிக்கும் ஒரு குண்டு முதலாளி. அண்ணன், “இது டூப்ளிகேட் டாம்” என்பான். சிவகாசிப் பிள்ளைகளுக்கு டூப்ளிகேட் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

2020 ஏப்ரல். ஊரடங்கு. முகக்கவசம் கடையில் கிடைக்காமல் ஊரே வீட்டில் தைத்துக்கொண்டிருந்தது. பாட்டி பழைய தலையணை உறையை வெட்டி, க்ர்தெக் படம் மகளின் மூக்குக்கு நேராக வருகிற மாதிரி ஒன்று தைத்துக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த வாரம் ஜீன் டைட்ச் தன் 95-ஆம் வயதில் ப்ராகில் காலமானதாகச் செய்தி. அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர். 1959 அக்டோபரில், பத்தே நாளில் திரும்பிவிடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு ஒரு படவேலைக்காக இங்கே வந்தவர். ஸ்டுடியோவில் தயாரிப்பு நிர்வாகியாக இருந்த ஸ்டென்காவைப் பார்த்தார், அவ்வளவுதான், அறுபது வருஷம் இருந்துவிட்டார். (நாங்கள் இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர்கள். மேலே எதுவும் சொல்வதற்கில்லை.) அவர் இங்கே செய்த ‘மன்ரோ’ 1961-இல் ஆஸ்கர் வாங்கியது. அதையடுத்து ஹாலிவுட்டில் மூடிப்போன டாம் அண்ட் ஜெர்ரி, செலவு குறைவு என்று இவர் கைக்கு வந்தது. 1961, 62-இல் 13 படங்கள்.

செய்தியில் ஒரு துண்டு காட்டினார்கள். கிணற்றுச் சத்தம், குண்டு முதலாளி. எங்கள் டூப்ளிகேட் டாம்! நான் தினமும் மெட்ரோ ஏறும் இதே ஊரில், பழைய டாமை அதிகம் பார்த்தே இராத ஆட்கள், சொற்பக் காசில் வரைந்தது. அன்றிரவு 13-ஐயும் தேடிப் பார்த்தேன். இப்போதும் சுமார்தான். ஆனால் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இசையமைத்த ஷ்டியெபான் கொனீச்செக் அங்கே ஸ்டீவன் கொனிச்செக். வாட்ஸ்லாவ் லீடில் என்பவர் விக்டர் லிட்டில். கம்யூனிஸ்ட் நாட்டில் செய்தது என்று அமெரிக்காவில் தெரியக்கூடாதாம். இங்கே ஓவா, அங்கே லிட்டில். லீடிலுக்கும் பார்சல் சீட்டு வந்திருந்தால் கவுண்டரில் என்ன சொல்லியிருப்பார்கள்?

போன மாதம் பாட்டி மகன் வீட்டுக்கே போய்விட்டார். போகும்போது ஒரு பழைய க்ர்தெக் புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு இப்போது அது சின்னப் பிள்ளைப் புத்தகம். நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா லைனில் வந்தபோது காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவா என்றார். கதை எதுவும் கேட்கவில்லை.

“மூக்குச் சிவப்பு ஒரு இடத்துலயும் வெளிய போகலியே. நல்ல மிஷின்மேன்.”

பக்கத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன்.

“இதை லேபிள் சைஸுக்குப் போட்டா எப்படி இருக்கும்?”

“காப்பிரைட் இருக்குப்பா.”

“டாம் ஜெர்ரிக்கும்தான் இருந்துச்சு.”