பறவைகளோடு பேசியவர்

இன்று காலை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, "சீக்கிரம் வா, வெயில் ஏறுது பார்" என்று பேசிக்கொண்டிருந்தார் அம்மா.

எனக்குச் சட்டென்று போவா மூதாட்டியின் நினைவு.

அந்தமானில் 'போ' மொழி பேசிய கடைசி மனுஷி. சுனாமியில் பிழைத்தவர். 2010 ஜனவரியில், 85 வயதுவாக்கில் காலமானார்.

அந்த மொழியில் பேச ஆளில்லாமல் போனதும் பறவைகளிடம் பேசுவாராம். அவற்றுக்குத் தன் பேச்சு புரியும் என்று நம்பினார். அவர் குரலைப் பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி சொன்னது இது.

போவாவின் மக்களான பெரிய அந்தமானியர்களில் ஒருகாலத்தில் பத்துக் குழுக்கள். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிக் குடியிருப்பு அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்புறம் சண்டை, தட்டம்மை. இன்று சில பத்துப் பேர்தான். பிள்ளைகள் பேசுவது இந்தி.

அவர்கள் மொழியில் வெறுமனே 'தலை' என்று சொல்ல முடியாது. என் தலை, உன் தலை, அவள் தலை. உடம்பு என்றால் அது யாருடையது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். எவ்வளவு அழகு!

அம்மாவின் காக்கை வந்துவிட்டது. இப்படியொரு காலையில் போவா தன் பறவையை எந்தச் சொல்லால் கூப்பிட்டிருப்பார்?