காத்ர் போர்ன் மலையில் அம்மாவுக்காக ஒரு காவடி

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். எல்லாம் நலமாகவே முடிந்தது. ஆனால் படியேற டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. "நீ எடுத்துடுப்பா, முருகன் ஏத்துக்குவான்" என்றார். அப்படித்தான் மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் நம் சிவசுப்பிரமணியர் கோவிலுக்கு என் தோளில் காவடி ஏறியது.

எனக்கு ஹோட்டலில் வேலை. ஒரு விருந்தினர் கிளம்புவதற்குள் அடுத்தவருக்கு அறை தயாராக இருக்க வேண்டும். எதையும் ஓடி முடித்தே பழகிய உடம்பு இது. கொடியேற்றத்திலிருந்து விரதம் இருந்தபோதும் மனசு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மொரீஷியஸில் தைப்பூசம் நல்ல கோடையில் வரும். வெறுங்காலைத் தார்ச்சாலை பொரித்தது. பாதி வழியில் ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. காரணம், படம் எடுக்கிற கூட்டம். கன்னத்தில் வேல் குத்தி நிற்பவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கைபேசியை நீட்டுகிறார்கள். இது சாமி காரியம், கண்காட்சி இல்லை. விழாக்குழுவினர் அடுத்த வருஷமாவது கயிறு கட்டித் தடுக்க வேண்டும்.

காவடியின் இரு முனையிலும் பால் செம்பு. சன்னதி சேரும்வரை பால் திரியக் கூடாதே என்ற கவலை வெயிலோடு சேர்ந்து ஏறியது. வேகமாகப் போகலாம் என்றால் வழியில்லை. திறந்து பார்க்கலாம் என்றால் இரண்டு கையும் காவடியில். யாரையாவது கேட்கலாம் என்றால் நாக்கில் வேல். என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அதை உடம்பு ஒப்புக்கொண்ட பிறகுதான் மேளம் காதில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி விடாமல் "முருகா, முருகா" என்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டம்மா வாசலுக்கு வந்து ரப்பர் குழாயால் எங்கள் காலில் தண்ணீர் விட்டார். அப்பா, அந்தக் குளிர்ச்சி! 1834-க்குப் பின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அவர்கள் கும்பிட்ட முருகன் எங்களை இன்னும் விடவில்லை. அருணகிரியாருக்கு "சும்மா இரு" என்று உபதேசித்தவன், என்னை நடுரோட்டில் நிறுத்தி அதையே சொன்னான்.

சன்னதியில் ஒரே தள்ளுமுள்ளு. நாக்கிலிருந்த வேலை எடுத்துத் திருநீறு பூசினார்கள், செம்புகளை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவின் கால், மகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். பால் அவன் நெற்றியில் விழுந்து, கன்னம் வழியாக மார்பில் இறங்கி, கையிலிருந்த வேலை நனைத்துக்கொண்டு ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. பின்னாலிருந்து இடித்தார்கள், நகரச் சொன்னார்கள். சரி என்று நகர்ந்தேன். நகர்ந்த இடத்திலிருந்தும் அவன் முகம் தெரிந்தது. பால் எப்படி இருந்தது என்று பார்க்கவே மறந்து போயிருந்தேன். முருகா, இவ்வளவு காலம் எங்கேயப்பா ஓடிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் வாழையிலையில் ஏழு சைவக் கறியோடு சாப்பாடு. முதல் வாய் வைக்கும்போதே கண் கலங்கிவிட்டது. படியேறும்போது காவடி சாயாமல் என் முழங்கையைப் பிடித்து வந்த பையன் யார் வீட்டுப் பிள்ளையோ, தெரியாது. அவனுக்கும், தண்ணீர் விட்ட அந்த அம்மாவுக்கும், பந்தியில் குனிந்து குனிந்து பரிமாறியவர்களுக்கும் முருகன் ஒரு குறையும் வைக்கக் கூடாது. வேல் முருகனுக்கு அரோகரா!