எழும்பூர் ஸ்டேஷனுக்கு எந்த வெளிச்சம் பொருந்தும்?

எழும்பூர் ஒரு ராத்திரி ஸ்டேஷன். முத்துநகர், நெல்லை, பொதிகை, பாண்டியன், மலைக்கோட்டைனு தெக்கத்தி வண்டிங்க பெரும்பாலும் இருட்டினப்புறம்தான் கிளம்பும், திரும்பி வர்றதும் விடிகாலையிலதான், அதனால நம்மள்ல நிறைய பேர் அந்தக் கட்டிடத்தை லைட் வெளிச்சத்துலதான் அதிகமா பார்த்திருப்போம். 1908ல திறந்தது, ஹென்றி இர்வின் டிசைன், செங்கல் சிவப்புல வெள்ளை ஓரம், டோம், வளைவுகள்... ராத்திரியில இதையெல்லாம் எடுத்துக் காட்டறதும் லைட்டுதான், கெடுக்கறதும் லைட்டுதான்.

2018 வாக்குல ரயில்வே எல்லா ஸ்டேஷன்லயும் எல்இடி போட்டு முடிச்சாங்க. ரொம்ப நல்ல வேலை அது. சோக்கோட சேர்த்து 50 வாட் கிட்ட இழுத்த பழைய ட்யூப்லைட் இடத்துல 20 வாட் எல்இடி ட்யூப் போதும். ஆனா பழைய கட்டிடங்கள்ல வாட்டை மட்டும் பார்த்து வாங்கினா, கிடைக்கிறது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின்ங்கறது வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற அளவு, ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள்). அதுல நீலம் ஜாஸ்தி, சிவப்பு கம்மி. செங்கல் மேல அடிச்சா அந்த சிவப்பு செத்துப்போய் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். முன்னாடி இருந்த சோடியம் லைட்டும் ஒண்ணும் ஒசத்தி இல்ல, அதுல எல்லாமே ஒரே மஞ்சளா தெரியும். எழும்பூர் மாதிரி கட்டிடத்துக்கு 2700லேர்ந்து 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கற மார்க், முழுசா 100) 90க்கு மேல, அதுலயும் சிவப்பை நல்லா காட்டற எல்இடியா பார்த்து எடுக்கணும். இதுக்கு கரண்ட் கொஞ்சம் கூடுதலா ஆகும்தான், ஆனா இப்போ வர்ற எல்இடியில அந்த வித்தியாசம் ரொம்ப சின்னது.

கரண்ட் நிஜமா வீணாகறது வேற இடத்துல. கண்ணுக்கு நேரா ஒரு ஃப்ளட்லைட் அடிச்சா கண்ணு கூசி கண்பாப்பா சுருங்கிடும், உடனே பக்கத்துல இருக்கற படி, தூண் எல்லாம் இருட்டா தெரியும், இருட்டா இருக்கேன்னு இன்னொரு ஃப்ளட்லைட் மாட்டுவாங்க, அதுவும் கூசும். இப்படியே வாட் ஏறிக்கிட்டே போகும். அதுக்கு பதிலா சின்ன லைட்டை கார்னிஸ் (சுவர்ல நீட்டிக்கிட்டு இருக்கற விளிம்பு) மேல மறைவா வச்சு சுவரை ஒட்டி மேல விட்டா செங்கல் வரிசை, வளைவோட குழிவு எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். நிழல் இல்லாம அந்தக் கட்டிடம் வெறும் தட்டைதான். முழு முகப்பையும் ஒரே மாதிரி குளிப்பாட்டவே வேணாம், இருட்டா விடற இடத்துக்கு கரண்ட் பில்லும் கிடையாது.

பிளாட்ஃபார்ம் கதை வேற. விளிம்புல இருக்கற மஞ்சக்கோடு தெரியணும், கோச் நம்பர் படிக்கணும், வயசானவங்க பெட்டியோட ஓடுவாங்க, அங்க வெளிச்சத்துல கஞ்சத்தனமே கூடாது. ஆனா வண்டி இல்லாத நேரத்துல எதுக்கு முழு வெளிச்சம்? போபால், ஜபல்பூர், நர்சிங்பூர்ல வண்டி உள்ள வரும்போது எல்லா லைட்டும் எரிஞ்சு, போனதும் பாதி தானா அணையற மாதிரி பண்ணாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு அது. எழும்பூர்ல திடீர்னு அணைக்காம மெதுவா டிம் பண்ணா போதும், மேல இருக்கற அந்த வளைஞ்ச கூரை மட்டும் மெல்லிசா வெளிச்சத்துலயே இருக்கட்டும்.

நியூயார்க்ல கிராண்ட் சென்ட்ரல் 1913ல திறந்தப்போ பல்பை மூடாம அப்படியே வெளிய தெரியவிட்டாங்க, கரண்ட் லைட்டுங்கறதே அன்னைக்கு பெருமை. அந்த பல்பு வரிசை இன்னும் அந்தக் கட்டிடத்தோட அடையாளம். அந்த மாதிரி இடத்துல மூடாம விடறதுதான் சரி, எழும்பூர்ல மறைச்சு வைக்கறதுதான் சரி. ஒரே ஃபார்முலா எல்லா ஸ்டேஷனுக்கும் ஒத்து வராது.

அப்புறம் நம்ம ஊர் ஈசல். மழை விட்ட ராத்திரியில நீலம் கலந்த வெள்ளை லைட்டுக்கு பூச்சி அதிகமா வரும், பூச்சி வந்தா பல்லி, சிலந்தி வலை, கொஞ்ச நாள்ல லைட்டோட கண்ணாடியே மங்கிடும். மஞ்சள் கலந்த வார்ம் லைட்டுக்கு இந்தத் தொல்லை கம்மி, துடைக்கற வேலையும் கம்மி.

இப்போ அங்க மறுசீரமைப்பு வேலை நடக்குது. நூறு வருஷ செங்கல்ல காடி வெட்டி பைப் புதைக்காம, டிரில் போடாம, கிளாம்ப் வச்சு மாட்டி, வேணும்னா தடம் தெரியாம கழட்டற மாதிரி பண்ண இதுதான் நேரம். லிஃப்ட், எஸ்கலேட்டர் அளவுக்கு இதையும் யாராவது பிடிவாதமா கேக்கணும். முழு டெண்டருக்கு முன்னாடி முகப்புல ஒரே ஒரு வளைவுக்கு மட்டும் ரெண்டு மூணு விதமா லைட் போட்டு, பாண்டியனுக்கு காத்திருக்கற ஜனங்களை கூட்டிட்டு வந்து காட்டி எது பிடிக்குதுன்னு கேளுங்க.