எட்டுப் பெயர்கள், ஒரே கை: எலினார் ஹிபர்ட் நாவல்களைத் தேடிச் சேர்த்து வரிசையாக வாசித்த அனுபவம்

ஜீன் பிளெய்டி, விக்டோரியா ஹோல்ட், ஃபிலிப்பா கார் என்ற மூவரும் ஒரே பெண்மணிதான் என்பது ஆங்கில நாவல் வாசகர்களில் பலருக்குத் தெரியும். எலினார் ஆலிஸ் பர்ஃபர்டாக 1906 செப்டம்பர் 1 அன்று கிழக்கு லண்டனின் கானிங் டவுனில் பிறந்தவர். ஹிபர்ட் என்பது கணவர் வழி வந்த பெயர். வாரத்தின் ஏழு நாளும் தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஐயாயிரம் சொற்கள் வரை அடித்துவிடும் பழக்கம் உள்ளவர். 1993 ஜனவரி 18 அன்று கப்பல் பயணத்தில் இறக்கும்போது சுமார் இருநூறு நூல்கள் எழுதியிருந்தார். இவரை முழுதாக வாசிக்க இறங்கினால், எதை எந்த வரிசையில் வாங்குவது, எது எதன் மறுபதிப்பு என்பதுதான் பெரிய தலைவலி. அதைக் கடந்த விதத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயர்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எலினார் பர்ஃபர்டு என்ற சொந்தப் பெயரில் வந்தவை காதல் கதைகள். அவற்றில் கணிசமானவற்றை 1950-களில் மில்ஸ் அண்ட் பூன் வெளியிட்டது. எல்பர் ஃபோர்டு என்ற பெயரில் விக்டோரியா காலத்து உண்மைக் குற்ற வழக்குகள். கேத்லீன் கெல்லோ, எல்லாலிஸ் டேட் இரண்டும் 1950-களோடு ஏறக்குறைய முடிந்துவிட்ட பெயர்கள். ஆன்னா பெர்சிவல் பெயரில் 1960-இல் ஒரே ஒரு நாவல். மீதி மூன்றும்தான் கடல்: பிளெய்டி அரச குடும்பங்களின் வரலாறு, ஹோல்ட் பழைய மாளிகையும் மர்மமும் காதலும், கார் தாய் மகள் என்று நீளும் ஒரே குடும்பக் கதை.

பெயர் மாறினால் எழுத்தும் மாறும். பிளெய்டியில் அநேகமாகப் படர்க்கையில் கதை நகரும். பல நாவல்களில் அவர் படித்த வரலாற்று நூல்களின் பட்டியலும் இருக்கும். ஹோல்ட் நாயகி தன் கதையைத் தானே சொல்வாள். வரலாற்றுக்காக வருகிறவர் ஹோல்டில் தொடங்கினால் ஏமாறுவார். மர்மத்துக்காக வருகிறவர் இங்கிலாந்தின் பழைய அரச வம்சம் ஒன்றைப் பற்றிய பிளெய்டியின் பிளான்டாஜெனட் வரிசையில் தொடங்கினால் இரண்டாவது புத்தகத்திலேயே மூடி வைத்துவிடுவார். யார் கேட்டாலும் நாங்கள் சொல்லும் தொடக்கம் கேத்தரின் டி மெடிசி மூன்று நூல்கள்: 'மேடம் செர்பென்ட்' (1951), 'தி இத்தாலியன் வுமன்' (1952), 'குயின் ஜெஸபெல்' (1953). 1533-இல் பதினான்கு வயதுப் பெண்ணாக பிரான்சுக்கு மருமகளாக வருகிறவள், புராட்டஸ்டண்டுகளைக் கொன்று குவித்த 1572-இன் பார்த்தலோமியோ படுகொலை வரை எப்படிப் போய்ச் சேர்கிறாள் என்பதை இந்த மூன்றும் விடாமல் பிடித்துக்கொண்டு போகும். பிளெய்டியின் பலம் முழுதும் இதில் இருக்கிறது. பிடித்துப்போனால் 'எவர்கிரீன் கேலன்ட்' (1965) என்ற பிரெஞ்சு அரசர் நாலாம் ஹென்றியின் கதையை அடுத்து எடுக்கலாம்.

இப்போது வாங்கும் விஷயம். அட்டையை நம்பக் கூடாது. அட்டையின் தலைப்பையும் நம்பக் கூடாது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் காப்புரிமைக் குறிப்பைப் படிக்க வேண்டும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், முன்பு வேறு தலைப்பு இருந்ததா என்பதை அங்கேதான் தேட வேண்டும். பிளெய்டி நாவல்களின் பிரிட்டன் முதல் பதிப்புகளில் மிகப் பெரும்பாலானவை ராபர்ட் ஹேல் போட்டவை. பழைய பேப்பர்பேக் என்றால் பிளெய்டிக்குப் பெரும்பாலும் பேன் பதிப்பகம், ஹோல்டுக்கு ஃபாண்டானா.

இதைச் செய்யாமல் வாங்கினால் ஒரே நாவல் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிடும். அமெரிக்க மறுபதிப்புகளில் தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். 'கே லார்ட் ராபர்ட்' (1955) அங்கே 'எ ஃபேவரிட் ஆஃப் தி குயின்' ஆனது. 'தி ஸ்பானிஷ் பிரைட்குரூம்' (1954) 'ஃபார் எ குயின்ஸ் லவ்' ஆனது. 'அன்ஈஸி லைஸ் தி ஹெட்' (1982) 'டு ஹோல்ட் தி கிரௌன்' ஆனது. ஆன் அரசியைச் சுற்றிய கதைகளான 'தி ஹான்டட் சிஸ்டர்ஸ்', 'தி குயின்ஸ் ஃபேவரிட்ஸ்' இரண்டும் 'ராயல் சிஸ்டர்ஸ்', 'கோர்ட்டிங் ஹெர் ஹைனஸ்' என்று வந்தன. கார் வரிசையில் 'ஸிப்போராஸ் டாட்டர்' அமெரிக்காவில் 'நேவ் ஆஃப் ஹார்ட்ஸ்'. இந்த ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைக்குப் போனாலே பாதிச் சிக்கல் தீரும்.

தலைப்பு மாறாமல் ஆசிரியர் பெயர் மட்டும் மாறியவை இன்னொரு வகை. கெல்லோ பெயரில் வந்த 'லிலித்', 'இட் பிகேன் இன் வாக்ஸ்ஹால் கார்டன்ஸ்', டேட் பெயரில் வந்த 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி ஃபெய்த்', 'தி ஸ்கார்லெட் க்ளோக்' நான்கும் பிறகு பிளெய்டி பெயரிலேயே கிடைத்தன. அரிய பெயர் என்று சொல்லி விலையேற்றி விற்கப்படும் கெல்லோ பிரதிக்குப் பணம் கொடுக்கும் முன் இதை நினைவில் வைக்கவும்.

மூன்றாவது, ஆம்னிபஸ், அதாவது பல நாவல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய புத்தகம். இரண்டாம் சார்லஸ் பற்றிய மூன்று நாவல்கள், அரகானின் கேத்தரின் பற்றிய மூன்று, இசபெல்லா பெர்டினாண்டு மூன்று எல்லாம் ஒரே கட்டாகவும் வந்திருக்கின்றன. கட்டு மலிவாகத் தெரியும். ஆனால் பழைய தடித்த பேப்பர்பேக் கட்டுகளில் முதுகுப் பசை காய்ந்து வெடித்திருக்கும். நடுப்பகுதியைத் திறந்ததும் தாள் தாளாகக் கையில் வரும். வாங்குவதற்கு முன் நடுவில் மெதுவாக விரித்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கங்களில் வம்சாவளி அட்டவணை இருந்தால் அது கிழிபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்கவும். பிளான்டாஜெனட் வரிசைக்கு அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரிதான்.

வாசிப்பு வரிசைக்கு வருவோம். வரலாற்றுக் கால வரிசையில் வாசிப்பதா, எழுதிய வரிசையில் வாசிப்பதா? வரிசைக்கு வரிசை பதில் மாறும். நார்மன் மூன்றும் (1974 முதல் 1976), பிளான்டாஜெனட் பதினான்கும் (1976 முதல் 1982) கால வரிசைப்படியே எழுதப்பட்டவை, அப்படியே போகலாம். டியூடர் வம்சக் கதைகள் அப்படியில்லை. எட்டாம் ஹென்றியின் மனைவியரான ஆன் பொலினையும் கேத்தரின் ஹோவர்டையும் சொல்லும் 'மர்டர் மோஸ்ட் ராயல்' 1949-இல் வந்தது. அதற்கு முந்திய ஏழாம் ஹென்றி காலத்தைச் சொல்லும் 'அன்ஈஸி லைஸ் தி ஹெட்' 33 ஆண்டுகள் கழித்து வந்தது. மறுபதிப்பில் எண் போட்டு இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதால், எண்ணை நம்பிப் போகிறவருக்கு நடுவில் எழுத்தே மாறிப்போனது போலிருக்கும். நாற்பதுகளின் இறுதியில் எழுதியதில் காட்சி விரிவாக, நிதானமாக இருக்கும். எண்பதுகளில் சம்பவங்கள் வேகமாக ஓடும். ஆகவே டியூடருக்கு எழுதிய வரிசைதான் நல்லது என்பது எங்கள் முடிவு.

பிளான்டாஜெனட் வரிசையில் ஆட்களைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலோர் பாதியில் விடுவதற்குக் காரணம். பட்டப்பெயர் கைமாறிக்கொண்டே இருக்கும். 'பாசேஜ் டு பான்டிஃப்ராக்ட்' நாவலில் குளோஸ்டர் கோமகன் என்றால் இரண்டாம் ரிச்சர்டின் சித்தப்பா தாமஸ். 'எபிடாஃப் ஃபார் த்ரீ விமன்' நாவலில் அதே பட்டம் ஆறாம் ஹென்றியின் சித்தப்பா ஹம்ஃப்ரியிடம். 'தி சன் இன் ஸ்ப்ளெண்டர்' வரும்போது குளோஸ்டர் என்பவர் பின்னாளில் மூன்றாம் ரிச்சர்டு ஆகப்போகிறவர். ஒரு நோட்டில் பட்டம், சொந்தப் பெயர், தகப்பன், மணமான ஆண்டு என்று நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு நாவல் தொடங்கும்போதும் ஒரு புதுப் பக்கம் எடுத்தால் போதும். ஒவ்வொரு நாவலும் தனியாக வாங்குகிறவருக்கும் புரிய வேண்டும் என்பதால் முந்தைய கதையை மறுபடி சொல்வார். தொடர்ந்து வாசிக்கிறவர் அந்தப் பகுதியைக் கண்ணால் ஓட்டிவிட்டுப் போகலாம். மூன்று நாவலுக்கு மேல் ஒரே மூச்சில் போகாமல் நடுவில் ஒரு ஹோல்டைச் செருகுவது நல்லது.

இனிமேல் சொல்வதுதான் இந்த முழு வேலைக்கும் கிடைக்கும் பலன். ஒரே வரலாற்றை வெவ்வேறு பெயரில், வெவ்வேறு வாயால் இவர் திரும்பச் சொல்லியிருக்கிறார். முதலாம் எலிசபெத்தின் பிரியத்துக்குரிய ராபர்ட் டட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் 'கே லார்ட் ராபர்ட்' பிளெய்டி பெயரில், படர்க்கையில். 1978-இல் 'மை எனிமி தி குயின்' ஹோல்ட் பெயரில். சொல்கிறவள் லெட்டிஸ் நோலிஸ். 1984-இல் 'குயின் ஆஃப் திஸ் ரெல்ம்', மீண்டும் பிளெய்டி. பேசுவது எலிசபெத் அரசியே. 1560 செப்டம்பர் 8 அன்று கம்னர் மாளிகையில் படிக்கட்டின் அடியில் டட்லியின் மனைவி ஏமி இறந்து கிடந்தாள். அந்தச் சாவை மூன்று நூலிலும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசியுங்கள். யார் பேசுகிறார்களோ அவர்களுக்கு அந்தச் சாவில் எது முக்கியமோ, வெளிச்சம் அதன் மேல்தான் விழும். அரசிக்கு அது சிம்மாசனத்தின் பிரச்சினை. லெட்டிஸுக்கோ, பின்னால் 1578-இல் அதே டட்லியை ரகசியமாக மணந்து அரசியின் கோபத்தைச் சம்பாதித்தவள் என்பதால், அந்த வீட்டில் இதற்கு முன் மனைவியாக இருந்தவளின் கதை. லெட்டிஸ் 1634 வரை, தொண்ணூறு வயது கடந்து வாழ்ந்தவள். கணவன், அரசி, தலை வெட்டுண்ட மகன் எசெக்ஸ் எல்லோரும் போன பிறகும் இருந்தவள். அவளைப் பேசவிட்டது ஹிபர்ட் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று என்று உறுதியாகச் சொல்வோம். மரீ அன்டோனெட்டையும் இப்படி இரண்டாக வாசிக்கலாம்: பிளெய்டியின் 'ஃப்ளான்டிங், எக்ஸ்ட்ராவகன்ட் குயின்' (1957), ஹோல்டின் 'தி குயின்ஸ் கன்ஃபெஷன்' (1968).

வரலாறாக எதை எடுத்துக்கொள்வது என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஜார்ஜிய வரிசையில் 'தி பிரின்ஸ் அண்ட் தி குவேக்கரஸ்' மூன்றாம் ஜார்ஜுக்கும் ஹன்னா லைட்ஃபுட்டுக்கும் இருந்ததாகச் சொல்லப்படும் உறவைப் பற்றியது. ஹன்னா 1753-இல் ஐசக் ஆக்ஸ்ஃபோர்டு என்பவரை மணந்ததற்கு ஆதாரம் உண்டு. இளவரசரோடு திருமணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அதே வரிசையின் 'ஸ்வீட் லாஸ் ஆஃப் ரிச்மண்ட் ஹில்' சொல்லும், பின்னாளில் நாலாம் ஜார்ஜ் ஆன இளவரசருக்கும் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டுக்குமான திருமணம் உண்மையிலேயே 1785 டிசம்பர் 15 அன்று நடந்தது. அரசரின் சம்மதம் வாங்காததால் 1772-இன் அரச குடும்பத் திருமணச் சட்டப்படி அது செல்லவில்லை. வதந்தியும் ஆவணமும் ஒரே நடையில், ஒரே நம்பிக்கையோடு எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு நாவல் முடிந்ததும் முக்கியமான மூன்று நான்கு ஆண்டுகளையாவது ஒரு வரலாற்று நூலோடு ஒத்துப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

ஹோல்டில் மொத்தம் 32. 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' (1960) வந்தபோது இதை எழுதியது பிரபல நாவலாசிரியை டாஃப்னே டு மோரியராக இருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். இவற்றுக்கு வரிசை தேவையில்லை. எதையும் தனியாக எடுக்கலாம். நம் பக்கத்து வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. தேயிலைத் தோட்டமும் முத்துமாலையுமாக இலங்கைக்குப் போகும் 'தி ஸ்பிரிங் ஆஃப் தி டைகர்' (1979) ஒன்று. 1857 எழுச்சிக்குள் நுழையும் 'தி இண்டியா ஃபேன்' (1988) மற்றொன்று. இரண்டிலும் கதை வெள்ளைக்காரக் குடும்பத்தின் கண் வழியேதான் நகரும். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் வாழ்க்கையை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கார் வரிசைக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. எட்டாம் ஹென்றி காலத்து 'தி மிராக்கிள் அட் செயின்ட் புரூனோஸ்' (1972) தொடங்கி, இரண்டாம் உலகப் போர் வரும் 'வீ'ல் மீட் அகெய்ன்' (1993) வரை வெளிவந்த வரிசையிலேயே வாசிக்க வேண்டும். ஒரு நூலின் மகள்தான் பெரும்பாலும் அடுத்த நூலின் நாயகி. நடுவில் ஒன்று கிடைக்காவிட்டால் தாண்டிப் போகாமல் காத்திருங்கள். முந்தைய நூல் மறைத்து வைத்த ரகசியத்தை அடுத்தது தொடக்கத்திலேயே உடைத்துவிடும்.

கடைசியாகக் கைக்கு எட்டாதவை. எல்பர் ஃபோர்டு பெயரில் வந்த 'பாய்சன் இன் பிம்லிகோ' (1950), 1886-இல் லண்டனைக் கலக்கிய அடிலெய்ட் பார்ட்லெட் வழக்கை எடுத்துக்கொண்டது. கணவர் வயிற்றில் குளோரோஃபார்ம்; மனைவி விடுதலை. இதுவும் பழைய பர்ஃபர்டு காதல் கதைகளும் சந்தைக்கு எப்போதாவதுதான் வரும், வந்தால் விலை கூடுதலாக இருக்கும். வாசிப்பது மட்டும் நோக்கமென்றால் விலைக்கு அலைய வேண்டாம். பிரிட்டனில் வெளியாகும் நூலின் ஒரு பிரதியைப் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். லண்டன் போகிறவர்கள் நூலகத்தின் வலைதளத்தில் தலைப்பைத் தேடிப் பார்த்து, வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு, பிரதியை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போகவும். அங்கே உட்கார்ந்துதான் வாசிக்க முடியும், இரவல் கிடையாது. தேடும்போது ஹிபர்ட் என்ற பெயரோடு நிற்காமல் எட்டுப் பெயரையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கவும்.