கை கால் இழுக்காத வலிப்பு: மறதி நோயுள்ள பெரியவரை இ.இ.ஜி. வரை கொண்டுபோவது

சோற்றை எடுத்த கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுபோகிறது. பார்வை எதிர்ச் சுவரில் குத்திட்டு நிற்கிறது. வாய் சப்புக்கொட்டுகிறது, இன்னொரு கை புடவைத் தலைப்பை நிமிண்டிக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் பார்வை திரும்பிவிடும், குழப்பம் மட்டும் மணிக்கணக்கில் நீடிக்கும். "இன்னைக்கு அம்மாவுக்கு மறதி ஜாஸ்தி" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நுரை தள்ளாததால் இது வலிப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மறதி நோயில் நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வருவது வழக்கம்தான். ஆனால் வலிப்பு சட்டென்று தொடங்கும், சில நிமிடத்தில் விடும், பெரும்பாலும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வரும். அந்த ஒற்றுமைதான் முதல் துப்பு. லூயி பாடி வகை மறதி நோயில் வலிப்பு இல்லாமலும் இப்படி வெறித்துப் பார்ப்பார்கள் என்பதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது.

மருத்துவர் முன்னால் அது வரப்போவதில்லை. அதனால் வீடியோ எடுத்தே ஆக வேண்டும். விளக்கைப் போட்டு, முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி பிடியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், "கையைத் தூக்குங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், சாவியைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். தெளிந்துவிட்டார் என்று உடனே போனைக் கீழே வைக்கிறார்கள், அங்கேதான் தவறுகிறது. பேச்சு எத்தனை நிமிடம் கழித்து வந்தது, எந்தப் பக்கத்துக் கை சோர்ந்திருந்தது என்பது வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் என்று மருத்துவருக்குக் காட்டிக்கொடுக்கும். தெளிந்த பிறகும் ஐந்து நிமிடம் எடுங்கள். நோட்டில் தேதி, மணி, எவ்வளவு நேரம், முந்தின இரவுத் தூக்கம், விட்டுப்போன மாத்திரை ஆகியவற்றை எழுதுங்கள்.

அந்த நேரத்தில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் பயன் இல்லை. வாயில் சோறு இருந்தால் ஒருக்களித்துச் சாய்த்து, தானாக வெளியே வர விடுங்கள். எழுந்து நடந்தால் பிடித்து இழுக்காமல், அடுப்பும் மாடிப்படியும் இல்லாத பக்கம் மெல்லத் திருப்பிவிடுங்கள். இழுத்தால் முரண்டு பிடித்து விழுந்துவிடுவார்கள்.

வாய் கோணினால், ஒரு பக்கம் செயலற்றுப்போனால், முதல்முறையாக இப்படி வந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். வீடியோவுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும் அப்படியே. பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது தொடர் வலிப்பு, அதற்கு ஊசி மருந்து தேவை. அவசரப் பிரிவில் "வயசானவங்க, மறதி நோய் வேற, இப்படித்தான் இருப்பாங்க" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுவது உண்டு. "நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பேரைச் சொன்னாங்க, தானா சாப்பிட்டாங்க" என்று வழக்கமான நிலையை நேரத்தோடு சொல்லுங்கள். குழப்பம் தெளியவே இல்லையென்றால், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

சர்க்கரை இறங்குவது, சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று எல்லாம் வலிப்பைத் தூண்டும் என்பதால் அவற்றை முதலில் பார்த்துவிடுவார்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலிக்கான டிரமடால், தொற்றுக்கான சிப்ரோஃப்ளோக்சசின், திடீரென்று நிறுத்திய பதற்ற மாத்திரை அல்பிரசோலம் மூன்றும் வலிப்பைக் கிளப்பக்கூடியவை.

இ.இ.ஜி.க்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள். எண்ணெய் இருந்தால் தலையில் ஒயர்களை ஒட்டும் பசை பிடிக்காது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அரை மணி நேரப் பதிவு நார்மல் என்று வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. மூளையின் ஆழத்தில் நடப்பது தலைத்தோல் வரை எட்டாமல் போகும். 2017-இல் பாஸ்டனில் அல்சைமர் நோயாளிகள் இருவருக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் அருகே மின்முனை வைத்துப் பார்த்தபோது, வெளிப் பதிவில் தெரியாத வலிப்புகள் தூக்கத்தில் வருவது தெரிந்தது. ஆகவே தூக்கத்தோடு சேர்ந்த நீண்ட பதிவைக் கேளுங்கள். இரவெல்லாம் விழிக்க வைத்து அழைத்துப்போவது மறதி நோயாளிக்கு ஆகாது, குழப்பம் கூடிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்ணயரும் நேரத்துக்கு முன்பதிவு செய்வதே மேல். 24 மணி நேரப் பதிவென்றால் முன்பக்கம் பொத்தான் உள்ள உடையைப் போடுங்கள், தலைவழியாகக் கழற்றினால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும்.

மருந்து என்றால் லெவெட்டிரசெட்டம்தான் அதிகம் எழுதுகிறார்கள், பெரும்பாலும் 250 மி.கி. இரு வேளை என்ற அளவில் தொடங்குவார்கள். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் அளவைக் கூட்டக் கூடாது. எரிச்சலும் கோபமும் இதன் பக்கவிளைவு. அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடாமல், மாத்திரை தொடங்கிய தேதியோடு ஒப்பிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்துப் பார்ப்பது லாமோட்ரிஜின். பெரும்பாலும் 25 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள், தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார்பமசெபின் சோடியத்தைக் குறைக்கும். ஃபெனிடோயின் நடையைத் தள்ளாட வைக்கும், இடுப்பெலும்பு முறிவுக்குப் பயப்படும் வயதில் அது விரும்பத்தக்கதல்ல.

வலிப்பு நின்றால் குழப்ப நாட்கள் குறையும். ஆனால் மறதி நோய் அப்படியே இருக்கும். மாத்திரையைத் துப்புகிறவர்களுக்கு லெவெட்டிரசெட்டம் சிரப் கிடைக்கிறது. அட்டையில் 'எக்ஸ்.ஆர்.' (மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை) என்று இருந்தால் பொடித்துக் கொடுக்காதீர்கள், மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும்.